தோழியின் வீட்டுக்காரர் ரெஃபரன்ஸ் கேட்டால் எப்படி மறுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்த தோழி. அவருடைய கணவர் 2022ல் உங்கள் கம்பெனியில் ஏழு மாதம் வேலை பார்த்தார். வேறு டீம். ஒரே ஒரு புராஜெக்டில் இரண்டு மாதம் உங்களோடு மீட்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் சொன்ன தேதிக்கு வேலை வராததையும், ஜூனியர் பையன்கள் மேல் அவர் எரிந்து விழுந்ததையும் பார்த்தீர்கள். இப்போது அவருக்கு வேறு இடத்தில் ஆஃபர் வரும் நேரம், இரண்டு ரெஃபரன்ஸ் கேட்கிறார்கள். "நீதான் அவருக்கு மேனேஜரா இருந்தேன்னு சொல்லிடுடி, உன் டெசிக்னேஷனே போதும்" என்கிறார் தோழி. ஜூன் மாதம் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் வேறு. மறுக்கவும் வேண்டும், நட்பும் கெடக்கூடாது.

மறுக்கலாம். மறுக்கத்தான் வேண்டும். ஆனால் யாரிடம் சொல்வது, என்ன காரணம் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நானும் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். பத்தொன்பது வருடமாக எச்.ஆர். வேலை. முதல் பாதி ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், இப்போது ஓஎம்ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில்.

இந்தக் குழப்பத்தில் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது. "சிபாரிசு" என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வேறு காரியங்களை அடைத்துவிடுகிறோம். ரெஃபரல் என்பது ஒருவருடைய ரெஸ்யூமை எடுத்துக் கம்பெனி போர்ட்டலில் போடுவது. "இப்படி ஒருவர் இருக்கிறார், பாருங்கள்" என்பதோடு உங்கள் பங்கு முடிந்தது. பிடித்தால் எடுப்பார்கள், எடுத்தவர் சில மாதம் நிலைத்தால் உங்களுக்குப் போனஸும் உண்டு. ரெஃபரன்ஸ் வேறு. இந்த மனிதர் எப்படி வேலை செய்தார் என்று உங்கள் பெயரில், உங்கள் பதவியில் நின்று சொல்வது. அது சாட்சி. சாட்சி சொல்ல ஒரே தகுதி, பார்த்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்கு ரெஃபரல் போடலாம், தப்பில்லை. ரெஃபரன்ஸ் அப்படி இல்லை. உங்கள் தோழி ரெஃபரல் கேட்கும் தொனியில் ரெஃபரன்ஸ் கேட்கிறார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் அவர் மேல் கோபப்படவும் எதுவுமில்லை.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்" என்று கேட்பவர்களுக்கு, அந்தப் போனின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேலைக்கு வருபவர் சொன்னதெல்லாம் உண்மையா என்று பார்க்கும் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனைப் பெரும்பாலும் கம்பெனி தானே செய்வதில்லை. வெளி ஏஜென்சிக்குக் கொடுத்துவிடும். வேலைக்கு வருபவர் ஒரு படிவத்தில் இரண்டு மூன்று பேரின் பெயர், பதவி, ஆபீஸ் மெயில், போன் நம்பர் எழுதித் தருவார். ஏஜென்சியில் இருந்து மெயிலோ போனோ வரும். எந்த வகையில் தெரியும், எத்தனை மாதம் சேர்ந்து வேலை பார்த்தீர்கள், அவர் உங்களுக்கு ரிப்போர்ட் செய்தாரா, எதில் கெட்டிக்காரர், எதில் தேற வேண்டும், ஏன் விலகினார், நாணயம் பற்றி ஏதாவது புகார் உண்டா என்று வரிசையாகக் கேட்பார்கள். கிட்டத்தட்ட எப்போதும் கடைசியில் ஒன்று வரும்: "மறுபடியும் வாய்ப்பு கிடைத்தால் இவரை வேலைக்கு எடுப்பீர்களா?" பதில்களைத் தட்டி ஏற்றி, பச்சை, ஆம்பர், சிவப்பு என்று நிறம் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் சொல்வது தனியாக நிற்பதும் இல்லை. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். நம்பர் 2014ல் வந்தது. அதற்குப் பிறகு ஒருவர் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அந்தப் பன்னிரண்டு இலக்கத்தின் கீழே வரிசையாக வந்து நிற்கிறது. சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் ஃபார்ம் 16 இருக்கிறது, ரிலீவிங் லெட்டர் இருக்கிறது. அவருடைய பழைய கம்பெனி எச்.ஆர்.ருக்கும் தனியாக ஒரு மெயில் போகும், அதில் ரிப்போர்ட்டிங் மேனேஜர் பெயரைக் கேட்பதும் உண்டு. அங்கே வேறு ஒருவர் பெயர் வந்து, இங்கே நீங்கள் "நான்தான் மேனேஜர்" என்று சொல்லியிருந்தால் அது முரண்பாடு. அவருடைய ஆஃபர் போகும். உங்கள் கம்பெனியின் பெயரில் பொய் சொன்ன விஷயமும் உங்கள் எச்.ஆர். மேஜைக்கு வந்து சேரும். உங்கள் கேஸில் பழைய கம்பெனி என்பதே உங்கள் கம்பெனிதான். ஒரே மாடியில் இரண்டு பேரிடம் கேட்டு இரண்டு பதில் வாங்குவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் கதை. 2013. அப்போது ஒரகடத்தில் இருந்தேன். பள்ளியில் இருந்து கூடப் படித்த நண்பன். அவன் மனைவி என் பிரிவில் ஆறு மாதம் வேலை பார்த்தவர், அட்டெண்டன்ஸையும் ஓவர்டைம் கணக்கையும் சம்பளப் பட்டியலில் ஏற்றும் வேலை. மரியாதையானவர், நேரத்துக்கு வருவார். ஆனால் மூன்று மாதம் ஒரு ஷிஃப்டின் ஓவர்டைமைத் தப்பாக ஏற்றியிருந்தார். கண்டுபிடித்த பிறகும் சொல்லாமல் மறைத்தார். தொழிலாளர்கள் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் விலகி ஒரு வருடம் கழித்து நண்பன் கூப்பிட்டான். "மச்சி, ஒரு போன் வரும், நல்லா சொல்லிடு." சரிடா என்றேன். தாட்சண்யம்.

போன் ஒரு மதியம் நான்கு மணி வாக்கில் வந்தது. கேட் எதிரே டீக்கடையில் நிற்கிறேன். ஏஜென்சியில் இருந்து பேசிய பெண் கேட்டதற்கெல்லாம் நல்லபடியாகத்தான் சொன்னேன். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது, மறுபடியும் எடுப்பீர்களா என்று. வாய் திறக்கவில்லை. இரண்டு விநாடி இருக்கும். அதற்குள் அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டுவிட்டது. பிறகு நான் "எடுப்பேன், எடுப்பேன்" என்று இரண்டு தடவை சொன்னது இன்னும் மோசம். "ஓகே சார், தேங்க்யூ சார்."

அந்த வேலை கிடைக்கவில்லை. என்னால்தான் போயிற்றா என்பது எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆனால் "நீ என்னடா சொன்னே?" என்று கேட்டான். "நல்லாத்தான்டா சொன்னேன்" என்றேன். உண்மைதான், அவன் நம்பவில்லை. அடுத்த வருடம் அவன் பெண்ணின் காதணி விழாப் பத்திரிகை எங்கள் வீட்டுக்குக் கூரியரில் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்தான்.

அரைமனதாகச் சரி என்று சொல்வதில் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது. உங்களுக்கும் அந்த இரண்டு விநாடி வரும். ஜூனியர் பையன்கள் முகம் ஞாபகத்துக்கு வரும். முழு மனதோடு பேசக்கூடிய ஒருவரின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு அவருடைய ஆஃபரையும் கெடுத்துவிடுவீர்கள்.

சரி, எப்படி மறுப்பது?

முதல் காரியம், தோழியிடம் மறுக்காதீர்கள். அவருடைய கணவரிடம் நேராகப் பேசுங்கள். கேட்டது தோழிதான், ஆனால் வேலை அவருடையது, ஆஃபர் அவருடையது. தோழியிடம் "முடியாதுடி" என்றால், அதை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். எந்தத் தொனியில் சொல்வார், அவர் எப்படி எடுத்துக்கொள்வார், "உன் ஃப்ரெண்டு அவ்வளவுதானா" என்று தொடங்கி எங்கே போய் முடியும் என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. உங்கள் மறுப்பைச் சுமக்கும் வேலையைத் தோழியின் தலையில் வைக்காதீர்கள். தோழிக்கு ஒரு வரி போதும்: "அண்ணாகிட்ட நானே நேரா பேசிடறேன்டி." அவர் மனைவி வழியாகக் கேட்டுவிட்டதில் அவருக்கே ஒரு கூச்சம் இருக்கக்கூடும். நேராகப் பேசினால் அதுவும் தீரும்.

இரண்டாவது, உடனே சொல்லுங்கள். நம்மிடம் "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் "பார்க்கலாம், சொல்லி அனுப்பறோம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம், எல்லோருக்கும் புரியும். வேலை விஷயத்தில் அதே "பார்க்கலாம்" சரி என்றே காதில் விழுகிறது. அவர் உங்கள் பெயரைப் படிவத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார். வேறு ஆள் தேட இருந்த நான்கைந்து நாளையும் நீங்கள் தின்றுவிடுவீர்கள்.

மூன்றாவது, காரணம். உங்களிடம் உண்மையான காரணம் ஒன்று கையிலேயே இருக்கிறது: அவர் உங்களுக்கு ரிப்போர்ட் செய்யவில்லை, அவருடைய வேலையை நீங்கள் முழுதாகப் பார்க்கவில்லை. இது யாரையும் புண்படுத்தாது, யாரும் பொய் என்று சொல்லவும் முடியாது. போனில் இப்படிச் சொல்லலாம்:

"அண்ணா, ரெஃபரன்ஸ் விஷயமா பேசணும்னு கூப்பிட்டேன். என்னால தர முடியாது அண்ணா. நீங்க எனக்கு ரிப்போர்ட் பண்ணல, ரெண்டு மாசம் மீட்டிங்ல பார்த்ததுதான். மேனேஜர்னு நான் சொன்னா எச்.ஆர். ரெக்கார்ட்ல வேற பேர் இருக்கும், உங்க ஆஃபருக்கே பிரச்சினையாகிடும். இப்பவே சொன்னா வேற ஆள் போட டைம் இருக்கும்னுதான் உடனே கூப்பிட்டேன்."

இவ்வளவுதான். "சாரி அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணா" என்று ஐந்து நிமிடம் இழுத்தால், நீங்கள் ஏதோ மறைக்கிறீர்கள் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பிக்கும். ஒருமுறை வருத்தம் தெரிவித்தால் போதும்.

"கம்பெனி பாலிசி" என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உண்மையிலேயே பாலிசி இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். நிறைய பன்னாட்டு கம்பெனிகளில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இவற்றை மட்டும்தான் உறுதி செய்வார்கள், அதுவும் எச்.ஆர். மட்டும். இதற்குப் பின்னால் சட்டப் பயம் உண்டு. பிரிட்டனில் கவனக்குறைவாக எழுதிய மோசமான ரெஃபரன்ஸால் வேலை கிடைக்காமல் போன ஒரு முன்னாள் ஊழியருக்குச் சாதகமாக, ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1994ல் தீர்ப்புச் சொன்னது. ரெஃபரன்ஸ் எழுதும் முதலாளி அதைக் கவனமாக எழுதக் கடமைப்பட்டவர் என்று ஆனது. அதிகம் பேசினால்தானே வம்பு என்று வாயை மூடிக்கொள்வது பாதுகாப்பாகப் போயிற்று. ஆனால் உங்கள் கம்பெனியில் அப்படிப் பாலிசி இல்லையென்றால் அந்தப் பொய்யைத் தொடாதீர்கள். அவரும் அங்கே ஏழு மாதம் இருந்தவர், அவருக்குத் தெரியும். போன தீபாவளிக்கு முன்னால் லிங்க்ட்இன்னில் யாரோ ஒருவருக்கு நீங்கள் எழுதிய நாலு வரிப் பாராட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்தான் இருக்கும்.

அவருடைய குறைகளைச் சொல்ல வேண்டுமா? அவர் கேட்காவிட்டால் வேண்டாம். வேலை தேடி அலைகிறவரிடம் போய் 2022 மீட்டிங்கைப் பற்றிப் பாடம் நடத்த உங்களை யாரும் கூப்பிடவில்லை. அவரே, "நான் உன் டீம்ல இருந்திருந்தா குடுத்திருப்பியாம்மா?" என்று கேட்டால் மட்டும், கண்ணால் பார்த்த ஒன்றை ஒரே வாக்கியத்தில்: "அந்த புராஜெக்ட்ல ரெண்டு டெலிவரி தள்ளிப் போச்சு அண்ணா, முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க சமாளிச்சிருப்போம்." குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். "கோபக்காரர்" என்பது உங்கள் தீர்ப்பு, தள்ளிப்போன தேதி நடந்த விஷயம்.

இதைவிட ஆபத்தான கேள்வி தோழியிடம் இருந்து வரும். இன்றில்லாவிட்டாலும் ஆறு மாதம் கழித்து, மொட்டை மாடியில் இருவரும் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும்போது வரும்: "நிஜமா சொல்லுடி, ஆபீஸ்ல அவர் எப்படி?" பாசத்தோடு கேட்பது போலத்தான் இருக்கும். இதற்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அந்த வீட்டில் எந்தச் சண்டையில், எந்த வருடத்தில் வெளியே எடுக்கப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. "அவளே சொன்னா, உங்க கூட வேலை செஞ்சவங்க எல்லாம் அப்படித்தான் சொல்வாங்களாம்" என்று உங்கள் ஒற்றை வாக்கியம் ஊர்வலம் போகும். ஏஜென்சியிடம் சாட்சி சொல்ல மறுத்த நீங்கள் அவர்கள் சமையலறையில் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டாம். "ஆபீஸ் வேற, வீடு வேறடி. எனக்கு அவர் உன் வீட்டுக்காரர், அவ்வளவுதான்" என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு நிலைமை. நீங்கள் மறுத்த பிறகும், அல்லது மறுப்பதற்கு முன்பே, உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார், போன் வந்துவிட்டது. அதை எடுத்து, "அவர் என் டீமில் இல்லை. அவருடைய வேலையைப் பற்றிச் சொல்லும் நிலையில் நான் இல்லை" என்று இரண்டு வாக்கியம் சொல்லி வைத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள், "பதில் இல்லை" என்று குறித்து அவருடைய ஃபைல் தேங்கும். கூப்பிட்டவர் நைசாகப் பேசி ஏதாவது கறந்துவிடப் பார்ப்பார், இடம் கொடுக்க வேண்டாம்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், உண்மையைச் சொன்னால் மானநஷ்ட வழக்கு வருமா என்று. 2024 ஜூலை 1ல் இருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356வது பிரிவு அவதூறைப் பற்றியது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499வது பிரிவுதான் அங்கே வந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு, தன்னுடைய அல்லது பிறருடைய நலனைக் காக்கச் சொன்னது அவதூறு ஆகாது என்று அதில் விதிவிலக்கு உண்டு. அதற்கு ஒரு சுவையான உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: ரொக்கம் தந்தால் ஒழிய இன்னாருக்கு எதையும் விற்காதே, அவன் நாணயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை என்று ஒரு கடைக்காரர் தன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதென்றால் குற்றமில்லை. ஆக, கேட்டவரிடம் பார்த்ததைச் சொன்னவர் சட்டத்துக்குப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழாது, நீங்கள்தான் எதுவும் சொல்லப்போவதில்லையே. வம்பு வேறு பக்கம் இருக்கிறது. மேனேஜர் என்று போட்டு ஒரு கடிதம் எழுதி, கம்பெனி லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடு என்று கேட்டால், அது நட்பு எல்லையைத் தாண்டிப் போலி ஆவணம் என்ற எல்லைக்குள் போய்விடும். அதற்கு யோசனையே வேண்டாம்.

மறுத்த கையோடு ஏதாவது செய்ய மனம் வந்தால், செய்ய நிறைய இருக்கிறது. அவர் உங்களைத் தேடி வந்ததற்குக் காரணம், உண்மையான மேனேஜரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பதாக இருக்கலாம். ரெஃபரன்ஸ் தருபவர் மேனேஜராகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்று பலருக்குத் தெரிவதில்லை. அந்த டீமின் சீனியர், இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்ட பழைய டீம் லீட், கிளையன்ட் பக்கத்தில் கூட வேலை செய்தவர் என்று யாரையும் கேட்கலாம். மேனேஜர் பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், "அவரோடு எனக்குச் சுமுகம் இல்லை, இன்னாரிடம் கேளுங்கள்" என்று புதிய கம்பெனி எச்.ஆர்.ரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். எங்களுக்கு இது புதிதில்லை, வாரத்துக்கு ஒன்று கேட்கிறோம். தானாகத் தெரியவருவதைவிட ஆளே வந்து சொன்னால் நாங்கள் மிருதுவாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியை அவரே ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டிருப்பது சர்வ சாதாரணம். அப்படியிருந்தால் ஏஜென்சிக்கு அவர் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பது போலத் தெரியும். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் தாண்டியிருந்தால் உறுப்பினரே போர்ட்டலில் விலகிய தேதியைப் பதிந்துகொள்ளலாம், 2020ல் இருந்து இந்த வசதி இருக்கிறது. ஆஃபர்கள் தேங்குவதற்கு மோசமான ரெஃபரன்ஸைவிட இந்த மாதிரிக் காகிதக் கோளாறே அதிகக் காரணமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபீஸ்தான் நெருக்கடி என்றால், முடிந்தால் தோழிக்குக் கைமாற்றாகக் கொடுங்கள். அது உங்கள் பணம், திரும்பாவிட்டாலும் நஷ்டம் உங்களோடு நிற்கும். ரெஃபரன்ஸில் உங்கள் கம்பெனியின் பெயர் இருக்கிறது, அவரை எடுக்கப்போகும் இடத்தில் அவருக்குக் கீழே உட்காரப்போகும் யாரோ சில ஜூனியர் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தோழி சில வாரம் குறைவாகப் பேசலாம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. விளக்கம் எழுதி எழுதி அனுப்பாதீர்கள். அவர் பிள்ளை பிறந்தநாளுக்கு எப்போதும் போல் போய் நில்லுங்கள்.

போனை நாளைக்கே செய்யுங்கள். சாயங்காலம் வேண்டாம், அவர் வீட்டில் இருப்பார், ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்தில் தோழியும் இருப்பார். மதியம் சாப்பாட்டு நேரத்தில், ஒன்றரை மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.